சிங்கப்பூரில் ஆளுக்கு 20 வெள்ளியில் ஒரு நாள் சாப்பாடு முடியுமா?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவன், மனைவி, ஏழு வயதுப் பையன், கூடவே முட்டைகூடத் தொடாத அப்பா, அம்மா. ஐந்து நாள் சிங்கப்பூர். தங்கும் ஹோட்டல் லிட்டில் இந்தியா பக்கம். சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 20 வெள்ளி, அதாவது 20 சிங்கப்பூர் டாலர், போதுமா? ஐந்து நாளும் தோசையும் சாப்பாடும்தானா, வேறு ஏதாவது சாப்பிட முடியுமா? மாலையில் ஒரு பியர் குடித்தால் பட்ஜெட் தாங்குமா?

முதல் கேள்விக்குப் பதில்: போதும். பையன் சாப்பிடுகிற அளவைப் பார்த்தால் கொஞ்சம் மிச்சம்கூட ஆகும். ஆனால் ஒரு நிபந்தனை. இங்கே செலவைத் தீர்மானிப்பது நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதுதான். ஒரே கோழிச்சோறு உணவங்காடியில் (ஹாக்கர் சென்டர்) நான்கைந்து வெள்ளி, பேரங்காடியின் கீழ்த்தளத்து ஃபுட் கோர்ட்டில் ஏழெட்டு, ஏசி போட்ட உணவகத்தில் பதினைந்துக்கு மேல். ஒரு வெள்ளியை ஏறக்குறைய 70 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் உறைக்கும். அப்புறம் பெருக்குவதை நிறுத்திவிடுங்கள். பெருக்கிக்கொண்டே இருந்தால் இந்த ஊரில் ஒரு டீகூட இறங்காது.

நான் பதினெட்டு வருடமாகத் தோ பாயோவில் இருக்கிறேன். வீட்டுக்குக் கீழேயே காப்பிக்கடை, ஐந்து நிமிட நடையில் உணவங்காடி. இங்கே பெரும்பாலான குடும்பங்களின் ஏற்பாடு இதுதான். ஹாக்கர் சென்டர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் இங்குள்ள தமிழ்ச் செய்திகளில் உணவங்காடி நிலையம் என்பார்கள். ஒரு காலத்தில் தெருவோரத்தில் தள்ளுவண்டி போட்டவர்களை, 1971 தொடங்கி 80களின் நடுப்பகுதி வரை, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் உள்ள கூரைக்குக் கீழே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இன்று தீவு முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. யுனெஸ்கோ 2020 டிசம்பரில் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்களுக்கு வேண்டிய விஷயம், அங்கே பலகையில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதுதான் விலை.

வெளியே உணவகங்களில் அப்படி இல்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதன்மேல் ஒன்பது சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு. ஊரிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தை ஒருமுறை ஆற்றங்கரைப் பக்கம் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் ஒரு சின்னத் தட்டில் வேர்க்கடலை வைத்தார்கள், ஆளுக்கொரு ஈரத்துண்டு கொடுத்தார்கள், சீன டீயும் ஊற்றினார்கள். நண்பரின் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு, 'என்ன மரியாதை பாருடா' என்றார். கடைசியில் பில்லில் கடலைக்குத் தனி, துண்டுக்குத் தனி, டீக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனி. அது ஏமாற்று வேலை இல்லை, இங்கே அது வழக்கம். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்கே அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

சரி, முதலில் நீங்கள் தங்கும் இடம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தேக்கா நிலையம். தேக்கா தமிழ்ச் சொல் மாதிரி ஒலித்தாலும் ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. சிறு மூங்கில்களின் அடி என்று பொருள் சொல்வார்கள். கீழே ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள். காலையில் அங்கே இட்லி, தோசை, அப்பம் எல்லாம் கிடைக்கும். ஆளுக்கு ஐந்து வெள்ளிக்குள் டீயோடு முடித்துவிடலாம். மதியம் நீங்கள் இருவரும் பிரியாணிக்கு வாருங்கள். அலாவுதீன் பிரியாணிக் கடையில் வரிசை இருக்கும், பார்த்ததும் எது என்று தெரிந்துவிடும். 'அண்ணே' என்று கூப்பிட்டுத் தமிழில் கேட்டால் போதும். இந்த ஊரில் சீனர்களும்கூட நம் கடைக்காரர்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வேளையாவது உட்கார்ந்து, பரிமாறிச் சாப்பிட்டால்தான் திருப்தியாக இருக்கும் என்றால் சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ். 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் பக்கம்தான். ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் பத்து வெள்ளிக்கு மேல் ஆகும், உணவங்காடியோடு ஒப்பிட்டால் கூடுதல்தான். ஆனால் வெயிலில் சுற்றிவிட்டு வந்த வயதானவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே ரசமும் மோரும் கிடைப்பதற்கு அந்த விலை நியாயம். ஐந்து நாளில் இரண்டு முறை போங்கள். தினமும் வேண்டாம்.

ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு ஆர்வம். சைவம் என்றதும் எல்லோரும் லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே அடைந்துகிடக்கிறார்கள். சீனர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலான உணவங்காடிகளில் ஒரு சீனச் சைவக் கடையாவது இருக்கும். சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் நம் ஊரில் புரட்டாசி சனிக்கிழமை ஞாபகம் வரும். மரபான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். அம்மா விரதக்காரர் என்றால் இது அவருக்கு நம் கடைகளைவிட வசதி.

அங்கே காலையில் போய் 'பீ ஹூன்' கேளுங்கள். அரிசிச் சேமியாதான். ஒரு பெரிய தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முட்டைக்கோஸ், வறுத்த டோஃபு, மொறுமொறு சோயாப்பால் ஆடை என்று நீங்கள் கைகாட்டுவதை எல்லாம் மேலே வைத்து, கத்தரிக்கோலால் கறுக் கறுக்கென்று நறுக்கித் தருவார்கள். மூன்று நான்கு வெள்ளி. ஒரு எச்சரிக்கை: சோயாவிலும் கோதுமையிலும் செய்த போலி இறைச்சி அங்கே நிறைய இருக்கும். சிவப்பாக, கொழுப்பு வரி ஓடி, அசல் பன்றி இறைச்சி மாதிரியே. போலி மீனுக்குக் கடற்பாசியில் கறுப்புத் தோல்கூடப் போர்த்தியிருப்பார்கள். என் மாமியார் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தார். கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பையனுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

பூகிஸ் பக்கம் ஃபார்ச்சூன் சென்டர் என்று ஒரு பழைய கட்டடம். கீழ்த்தளங்களில் வரிசையாகச் சைவ உணவகங்கள். பக்கத்திலேயே வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சீனர்கள் அங்கே ஊதுபத்தி ஏற்றிவிட்டு இங்கேயும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவதை அப்பா அம்மா பார்க்கட்டும். ஒரு நாள் காலை அங்கே கோயில், மதியம் அங்கேயே சாப்பாடு. உணவங்காடியைவிட இரண்டு மூன்று வெள்ளி கூடும், அவ்வளவுதான்.

சைவக் கடை என்று எழுதாத இடத்தில் மட்டும் கண்ணை நம்பாதீர்கள். வெறும் கங்குங் கீரைதானே என்று வாங்குவீர்கள், அதில் பெலாச்சான் இருக்கும். இறாலைப் புளிக்கவைத்து அரைத்த விழுது. மலாய்க் கடைகளின் சம்பலில் பெரும்பாலும் அது உண்டு. சீனக் கடை வறுத்த நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேரலாம். ரொட்டியில் தடவித் தரும் காயா ஜாம், தேங்காய்ப் பாலும் முட்டையும். நம் முஸ்லிம் கடைகளில் பரோட்டாவுக்குப் பருப்புக் குழம்பு கேட்டால் அது தால்ச்சாவாக இருக்கலாம், அடியில் ஆட்டெலும்பு கிடக்கும். 'காய் மட்டும்' என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது, குழம்பில் கிடக்கும் எலும்பை இறைச்சி என்றே அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சீனக் கடையில் 'சி சூ' என்று சொல்லுங்கள், சைவம் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார்கள். அப்படியும் சந்தேகம் வந்தால் வேறு கடை. பக்கத்தில் நாற்பது கடை இருக்கிறது.

உங்களுக்கும் உங்கள் துணைக்கும் அந்தத் தொல்லை இல்லை என்பதால் இரண்டு இடம் சொல்கிறேன். சைனாடவுனில் மேக்ஸ்வெல் உணவங்காடி. தியன் தியன் என்ற கடையின் கோழிச்சோற்றுக்கு வெயிலில் அரை மணி நிற்கத் தயாரென்றால் நில்லுங்கள். நான் நிற்க மாட்டேன்; இரண்டு கடை தள்ளி வரிசை குறைவான இடத்தில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. இன்னொன்று, அரபுத் தெருப் பக்கம் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இருக்கும் ஜம் ஜம். அங்கே முர்தபாக். நம் ஊர்க் கொத்துக்கறிப் பரோட்டாவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே மாவை வீசி விரித்து, கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து நான்கு பக்கமும் மடித்துப் போடுவார்கள். ஒன்றை இருவர் பகிர்ந்தால் ஒரு வேளை முடிந்தது.

லாவ் பா சாட்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1894இல் கட்டிய வார்ப்பிரும்புச் சந்தைக் கட்டடம், பார்க்கவே அழகு. இரவு ஏழு மணிக்கு மேல் பக்கத்துத் தெருவை மூடி மேசை போட்டுச் சத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவார்கள். புகையும் வாசனையும் வானுயரக் கட்டடங்களுமாக ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். விலை மற்ற உணவங்காடிகளைவிடக் கூடுதல், சைவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நியூட்டன் உணவங்காடியிலும் அப்படித்தான். கடல் உணவை எடைக்கு விற்கிற எந்தக் கடையிலும் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். மெனு அட்டையோடு யாராவது ஓடிவந்து மேசைக்குக் கூப்பிட்டால், அந்த மேசையை விட்டுவிடுங்கள்.

செந்தோசா போகிற நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீவுக்குள் போய்ப் பசியெடுத்தால் சுற்றுலா விலைதான். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கியதும் பேருந்து நிலையத்தை ஒட்டி சியா இம் உணவங்காடி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பளபளப்பான விவோசிட்டி பேரங்காடிக்குள் எல்லோரும் நேராகப் போய்விடுவதால் சுற்றுலாக்காரர்கள் கண்ணில் படாது. அங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தீவுக்குள் போங்கள். அப்பா அம்மாவுக்குக் காலையில் தேக்காவிலேயே தோசையோ எலுமிச்சைச் சோறோ கட்டி வாங்கிவிடலாம். ஆனால் ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். எம்ஆர்டியில் சாப்பிட்டால், தண்ணீர் குடித்தால்கூட, 500 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. காலைக் கடைகள் பல மதியம் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிடும். மாலைக் கடைகள் ஐந்துக்கு மேல்தான். மூன்றரை மணிக்குப் பசியோடு போனால் பாதிக் கடை இழுத்து மூடியிருக்கும். அலுவலகங்கள் நிறைந்த அமோய் தெருப் பக்கமெல்லாம் வார நாள் மதியத்துக்குத்தான் உயிர். பன்னிரண்டரைக்கு உட்கார இடம் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை போனால் வெறிச்சோடிக் கிடக்கும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் உண்டு.

இடம் என்றதும் டிஷ்யூ கதை. வந்த புதிதில் ஒரு மதியம், கூட்டத்தில் ஒரு மேசை மட்டும் காலியாக இருந்தது, அதன்மேல் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம். யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்து, கையோடு அதைப் பிரித்து முகத்தையும் துடைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் சூப் கிண்ணத்தோடு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் துண்டு போடுகிற நமக்கு அது புரிந்திருக்க வேண்டும். மேசைமேல் டிஷ்யூ, குடை, அடையாள அட்டை எது கிடந்தாலும் இடம் பிடித்தாயிற்று என்று பொருள். நீங்களும் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் எப்படியும் டிஷ்யூ தர மாட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமேதான் அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி. ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு, பார்த்து வையுங்கள்.

இப்போது குடிப்பது. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஆளுக்கொரு பாட்டில் எடுத்துவந்து ஹோட்டலில் நிரப்பிக்கொண்டால் ஐந்து பேருக்கு நாளைக்குப் பத்து வெள்ளி மிச்சம். உணவங்காடியில் தண்ணீர் இலவசமாக வைக்க மாட்டார்கள் என்பதால் இது முக்கியம்.

காப்பிதான் பெரிய பாடம். சாப்பாட்டுக் கடைகளிலிருந்து தனியாகப் பானக் கடை இருக்கும். அங்கே 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் டின் கெட்டிப்பால் ஊற்றிய காப்பி வரும், பாயசம் மாதிரி இனிக்கும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'கோப்பி சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத ஆவிப்பால், சீனி தனியாகச் சேர்ப்பார்கள். இதன் பின்னால் ஒட்டுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம்: 'கோசோங்' சீனியே வேண்டாம், 'சியூ தாய்' இனிப்புக் கம்மி, 'காவ்' திக்காக, 'போ' லைட்டாக, 'பெங்' ஐஸ் போட்டு. டீக்கும் இதே கணக்கு, 'தே' என்று தொடங்க வேண்டியதுதான். கோசோங் மலாய்ச் சொல், காலி என்று அர்த்தம். பரோட்டாக் கடையில் அதையே சொன்னால் முட்டை இல்லாத வெறும் பரோட்டா வரும். ஒரு குவளை ஒன்றரை வெள்ளிக்கு முன்னே பின்னே. அதே காப்பியை வெளிநாட்டுச் சங்கிலிக் கடையில் குடித்தால் ஆறேழு வெள்ளி.

கும்பகோணம் டிகிரி காப்பியில் வளர்ந்தவர்களுக்கு முதல் வாய் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுப்பதால் ஒரு கருகல் மணம் உண்டு. நீளமான துணிப்பையில் வடிகட்டி, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றுவார்கள். மூன்றாம் நாள் பிடித்துப்போகும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் 'கோப்பி சி கோசோங்' கேளுங்கள், கிட்டத்தட்ட நம் சர்க்கரையில்லாத பால் காப்பி. பையனுக்கு 'மைலோ டைனோசர்': ஐஸ் மைலோ மேல் மைலோத் தூளைக் கரையாமல் மலைபோல் கொட்டித் தருவார்கள். தூக்கம் வராது, அது உங்கள் பாடு.

பியருக்கு வருவோம். உணவங்காடியில், காப்பிக்கடையில் பெரிய பாட்டில் எட்டு ஒன்பது வெள்ளி, இரண்டு கண்ணாடிக் குவளையும் ஐஸும் கொடுப்பார்கள். அதை இருவர் பகிர்ந்தால் பட்ஜெட் தாங்கும். பாரில் ஒரு பைன்ட்டே பதினைந்து வெள்ளியைத் தொடும், அதற்கும் இரண்டு கூட்டல். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை, கடையில் வாங்கிப்போகவும் முடியாது. நீங்கள் தங்கும் லிட்டில் இந்தியாவில் சட்டம் இன்னும் இறுக்கம்: 2013இல் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தது, வார இறுதி முழுக்கத் தெருவிலோ திடலிலோ பியர் கேனைத் திறக்கக்கூடாது. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பதில் சிக்கலில்லை.

நாள் கணக்கைக் கூட்டிவிடுவோம். காலை ஐந்து, மதியம் ஆறு, மாலை டீ ஒன்றரை, இரவு ஆறு அல்லது ஏழு. பதினெட்டரையிலிருந்து பத்தொன்பதரை. கோமள விலாஸ் போகிற நாளில் கொஞ்சம் தாண்டும், பீ ஹூன் சாப்பிட்ட நாளில் குறையும். இரவு பழம், தயிர், ரொட்டி போதும் என்று பெரியவர்கள் சொன்னால் லிட்டில் இந்தியாவிலேயே முஸ்தஃபா பேரங்காடி நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். பழைய கடைகளில் ரொக்கம்தான் சுலபம் என்பதால் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலமாகக் கட்டினால் டப்பாவுக்கு இருபது முப்பது காசு சேர்ப்பார்கள்.

கடைசி நாள் சாங்கி விமான நிலையத்திலும் ஒரு வழி இருக்கிறது. ஊழியர்களுக்கான உணவகங்கள் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒளிந்திருக்கும். ஊழியரைவிடச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து நாமும் சாப்பிடலாம், அப்படியும் மேல்தளத்து விலையைவிடக் குறைவு. குடிநுழைவை (இமிக்ரேஷன்) தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது, அதனால் பெட்டியைப் போட்ட கையோடு போய்விடுங்கள். அப்பாவின் கடைசிக் கோப்பி சி கோசோங் அங்கேயே கிடைக்கும்.